வங்கி நிறைவேற்று அதிகாரியின் பாதை: யாழ்ப்பாணத்துக் கிளையிலிருந்து தலைமை அலுவலகம் வரை

பண்ணைப்பாலம் (இழையைத் தொடங்கியவர்)

உயர்தரம் வணிகப் பிரிவிலை முடிச்ச பிள்ளையளும், யாழ் பல்கலைக்கழக முகாமைத்துவ வணிக பீடத்திலை படிச்ச பிள்ளையளும் வங்கி வேலையைத் தேடிப் போகினம். சேர்ந்த பிறகு பதினைஞ்சு வருசம் ஒரே மேசையிலை நிண்டு போறவையும் இருக்கினம். அதே காலத்துக்குள்ளை பிராந்திய முகாமையாளராய் வாறவையும் இருக்கினம். ரெண்டு பேரும் எழுதினது ஒரே பரீட்சை, இருந்தது ஒரே கவுண்டர். பிறகு எந்த இடத்திலை பாதை பிரியுது?

"படி, டார்கெட்டை அடி, மேலை போவாய்" எண்டதுக்கு மிஞ்சி இங்கை ஒருத்தரும் சொல்லுறேல்லை. துறை தெரிஞ்ச ஆக்கள் வேலையின்ரை உள்ளுக்குள்ளை என்ன நடக்குது எண்டு விரிவாய் எழுதினால் பிள்ளையளுக்கு உதவியாய் இருக்கும்.

---

சுன்னாகத்தான்

முதலிலை நுழைவு. ரெண்டு வாசல் இருக்கு. ஒண்டு உயர்தரத்தோடை பயிலுநர் வங்கி உதவியாளராய்ச் சேருறது. மற்றது பட்டத்தோடை முகாமைத்துவப் பயிலுநராய்ச் சேருறது. முதல் வாசலாலை வந்தால் நிறைவேற்றுத் தரத்தைத் தொட வருசக்கணக்காகும். ஆனால் கவுண்டர், காசோலைத் தீர்வு, அடகு, கணக்குத் திறத்தல் எல்லாம் கைக்குள்ளை வந்திடும். இரண்டாவது வாசலாலை வாறவைக்கு ஒன்றரை, ரெண்டு வருசத்திலை எல்லாப் பிரிவையும் சுத்திக் காட்டுவினம். அவைக்குக் கை வேலை குறைவு.

தரங்களின்ரை பெயர் வங்கிக்கு வங்கி மாறும். அடுக்கு ஏறக்குறைய இதுதான்: உதவியாளர், கனிஷ்ட நிறைவேற்று அதிகாரி, நிறைவேற்று அதிகாரி, கிளை முகாமையாளர், சிரேஷ்ட அல்லது பிரதம முகாமையாளர், உதவிப் பொது முகாமையாளர், பிரதிப் பொது முகாமையாளர், அதுக்கு மேலை பொது முகாமையாளர் அல்லது பிரதம நிறைவேற்று அதிகாரி.

தொழில் பரீட்சை எண்டால் இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின்ரை சான்றிதழ், இடைநிலை, டிப்ளோமா எண்ட மூண்டு படிதான் அடிப்படை. கன வங்கியளிலை பதவி உயர்வு நேர்முகத்துக்கு இதிலை ஒரு படியாவது முடிச்சிருக்கவேணும். சேர்ந்து முதல் நாலு வருசத்துக்குள்ளை முடிச்சுப்போடுங்கோ. கலியாணம், பிள்ளை, இடமாற்றம் எல்லாம் வந்த பிறகு டிப்ளோமாவின்ரை கடைசி ரெண்டு பாடம்தான் கனபேருக்கு இழுபடுறது. கணக்கியல் பக்கம் விருப்பம் எண்டால் பட்டயக் கணக்காளர் பாதையோ சிமா எண்ட முகாமைத்துவக் கணக்காளர் பரீட்சையோ நல்லது. வங்கியின்ரை திறைசேரிப் பிரிவு, இடர் முகாமை, நிதிப் பிரிவு எல்லாம் அந்தத் தகுதியைத்தான் கேக்கும்.

---

மாவிட்டபுரம்

சுன்னாகத்தான் விட்ட ரெண்டு விசயம். மொழியும் இடமாற்றமும்.

கடன் முன்மொழிவு, கணக்காய்வுக்குப் பதில், சுற்றுநிருபம் எல்லாம் ஆங்கிலத்திலைதான் ஓடுது. கிளைக்கு வெளியிலை, தலைமை அலுவலகத்து மேசையளிலை கதை பாதிக்குமேலை சிங்களத்திலை நடக்கும். சிங்களம் தெரியாமல் யாழ்ப்பாணத்துக்குள்ளை முகாமையாளராய் இருக்கலாம். பிராந்தியத்துக்கு மேலை போறது கஷ்டம். பேச்சுச் சிங்களம் ஒரு வருசத்திலை பிடிபடும், அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இடமாற்றத்தைத் தண்டனை எண்டு நினைச்சு ஆக்களைப் பிடிச்சு நிப்பாட்டினால், பதவி உயர்வுப் பட்டியல் வாற நேரம் "ஒரே மாகாண அனுபவம்" எண்டு அங்கை நிண்டிடும். கொழும்பிலை கடன் பிரிவு அல்லது இடர் பிரிவிலை ரெண்டு, மூண்டு வருசம் இருந்திட்டுத் திரும்பி வாற ஆளுக்கு, தன்ரை முன்மொழிவை மேலை இருக்கிறவை எப்பிடி வாசிக்கினம் எண்டு தெரியும். பெண் பிள்ளையளுக்கு இந்த இடத்திலைதான் பாதை கூடுதலாய் அடைபடுது. பிள்ளை பிறக்கும் வயசும் வெளிமாவட்ட இடமாற்ற வயசும் ஒண்டாய் வருது. அதாலை அந்த வெளி அனுபவத்தைக் கலியாணத்துக்கு முதலே கேட்டு வாங்கிறது புத்தி.

---

கடன்கோப்பு

பண்ணைப்பாலம் கேட்ட கேள்விக்கு என்ரை பதில் ஒண்டுதான். பாதை பிரியிறது கடன் கோப்பிலை. வைப்பு எடுக்கத் தெரிஞ்ச ஆள் நல்ல அலுவலர். கடன் கோப்பை வாசிக்கவும் எழுதவும், வேண்டாம் எண்டு சொல்லவும் தெரிஞ்ச ஆள்தான் நிறைவேற்று அதிகாரியாய் வளருவார். ஏனெண்டால் அந்தத் தரத்திலை உங்களுக்குத் தாறது அனுமதி எல்லை. இத்தனை மில்லியன் வரை உங்கடை கையெழுத்தாலை வெளியிலை போகலாம் எண்ட அதிகாரம் அது. அந்த எல்லையைக் கூட்டித் தரலாமோ எண்டு மேலை பாக்கிறது, நீங்கள் முதல் குடுத்த கடனெல்லாம் மூண்டு வருசத்துக்குப் பிறகு என்ன நிலையிலை இருக்கு எண்டதை வைச்சுத்தான்.

ஒரு சாதாரண வியாபாரக் கடனை எடுங்கோ. ஒழுங்கு இதுதான்:

விண்ணப்பம் வந்த உடனை கிரிப் அறிக்கை. கிரிப் எண்டது 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தாலை வந்த கடன் தகவல் பணியகம். அதிலை அவர் எடுத்த கடன் மட்டுமில்லை, அவர் பிணை நிண்ட கடனும் வரும். இளம் அலுவலர்கள் அந்தப் பகுதியைப் பாயுறதுதான் வழமையான பிழை. எங்கடை ஊரிலை ஆசிரியர், கிராம அலுவலர், வைத்தியசாலை ஊழியர் ஒருத்தருக்கு ஒருத்தர் பிணை நிக்கிறது சாதாரணம். ஒரு ஆள் விழுந்தால் நாலு சம்பளம் பிடிபடும்.

பிறகு நேரிலை போறது. கடைக்குப் போனால் முதலாளியோடை தேத்தண்ணி குடிச்சிட்டு வாறதில்லை வேலை. இருப்பு எவ்வளவு, அதிலை தூசி பிடிச்சது எவ்வளவு, கடன் கொப்பியிலை சனம் தரவேண்டிய காசு எவ்வளவு, வழங்குநருக்குப் பின்திகதிக் காசோலை எத்தனை குடுத்திருக்கிறார், மின்சாரப் பட்டியல் என்ன சொல்லுது. நடைமுறைக் கணக்கின்ரை ஆறு மாத அறிக்கையிலை வந்து போன தொகையையும், அவர் சொல்லுற விற்பனையையும் பக்கத்திலை பக்கத்திலை வையுங்கோ. பொருந்தாட்டில் கேள்வி கேளுங்கோ.

அடுத்தது கட்டுற சக்தி. பத்து இலட்சம் ரூபாய், 14 வீதம், 60 மாதம் எண்டால் மாதத் தவணை 23,268 ரூபாய். இதை மாத வருமானத்தோடை மட்டும் பாக்கக்கூடாது. வீட்டுச் செலவு, மற்றக் கடன், சீட்டுக் காசு எல்லாம் கழிச்சு மிச்சத்தோடை பாருங்கோ. சின்ன வெங்காயச் செய்கைக்குக் குடுக்கிற கடனை மாதத் தவணையிலை போட்டால் முதல் மாதமே நிலுவை. பயிர் கைக்கு வர ரெண்டு, ரெண்டரை மாதமாகும், விலை விழுந்தால் விக்காமல் கட்டி வைச்சிருப்பினம். தவணையை அறுவடைக்குப் பிறகு ஒரே முறையாய்ப் போடவேணும். இது தெரியாமல் குடுத்திட்டு "விவசாயி கட்டுறானில்லை" எண்டு எழுதுறது முகாமையாளரின்ரை பிழை, விவசாயியின்ரை பிழை இல்லை.

கடைசியாய்த்தான் பிணைப் பொருள். காணி இருக்குத்தானே எண்டு முதலிலை சொல்லுற ஆள் கடன் வேலைக்குச் சரிவரான்.

வழமையாய்ப் பிழைக்கிற இடம் மூண்டு. ஒண்டு, வியாபாரத்துக்கெண்டு எடுத்த காசு தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறது. இதைப் பிடிக்கிற வழி, காசை ஆளின்ரை கையிலை குடுக்காமல் வழங்குநரின்ரை கணக்குக்கு நேரை விடுறது. ரெண்டு, இரவல் பெயரிலை கடன். கையெழுத்து வைக்கிறது ஒருத்தர், பாவிக்கிறது இன்னொருத்தர். கிரிப்பிலை பழுதான ஆள் மச்சானின்ரை பெயரிலை வருவார். மூண்டு, ஈட்டு உறுதி பதியிறதுக்கு முதல் காசை விடுறது. ஆவணப் பதிவுச் சட்டத்திலை முன்னுரிமை பதிவின்படிதான். நீங்கள் காசை விட்ட கிழமைக்குள்ளை வேறை ஒரு ஈடோ விற்பனையோ முந்திப் பதிஞ்சால் உங்கடை பிணை பின்னுக்குப் போகும்.

---

கொடிகாமம்சந்தை

கடன்கோப்பு சொல்லுறது சரி. ஆனால் யாழ்ப்பாணக் கிளையளின்ரை பலம் வைப்புத்தானே? வெளிநாட்டுக் காசு வருது, நிலையான வைப்பிலை போடுகினம். வைப்புக் கொண்டு வாறவருக்குத்தான் பதவி உயர்வு எண்டு எல்லாரும் சொல்லுகினம்.

---

கடன்கோப்பு

வைப்பாலை கிளை வாழும். ஆனால் அதுக்கு உச்சவரம்பு இருக்கு. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுறன்.

கிளையின்ரை வைப்பு 2,000 மில்லியன். அதுக்குக் குடுக்கிற சராசரி வட்டி 7 வீதம். தலைமை அலுவலகம் அந்தக் காசை 8 வீத உள் விலைக்கு எடுக்குது. கிளைக்கு மிச்சம் 1 வீதம், அதாவது 20 மில்லியன். கடன் 600 மில்லியன், சராசரி 13 வீதம், அதுக்குக் கிளை 8 வீதம் உள்ளுக்குக் கட்டவேணும், மிச்சம் 5 வீதம், 30 மில்லியன். ஆகமொத்தம் 50. சம்பளம், வாடகை, மின்சாரம், பாதுகாப்பு எல்லாம் 28 எண்டால் இலாபம் 22 மில்லியன்.

இப்ப 25 மில்லியன் கடன் ஒண்டு படுத்திட்டுது எண்டு வையுங்கோ. மத்திய வங்கியின்ரை 2021 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கப் பணிப்புரைப்படி 90 நாள் நிலுவை தாண்டினால் அது மூண்டாம் கட்டம், அதாவது பழுதான கடன். நட்டத்துக்கெண்டு 60 வீதம் ஒதுக்கினால் 15 மில்லியன் போச்சு. வராத வட்டி வருசத்துக்கு 3.25 மில்லியன். இலாபம் நாலு மில்லியனுக்கும் கீழை வந்திடும். ஒரே கோப்பு. வைப்பு எடுத்து அந்த 18 மில்லியனை மீட்கிறதெண்டால் 1 வீத இலாபத்திலை இன்னும் 1,800 மில்லியன் வைப்பு வேணும்.

கட்டாயம் பாக்கவேண்டிய இன்னொண்டு, வைப்பின்ரை தரம். சேமிப்பும் நடைமுறைக் கணக்கும் மலிவான காசு, நிலையான வைப்பு விலை கூடின காசு. ஒரே குடும்பத்தின்ரை ரெண்டு, மூண்டு பெரிய வைப்பிலை தொங்குற கிளை, வட்டி அரை வீதம் குறைஞ்ச உடனை ஆட்டம் காணும். சந்தைக் கடைக்காரர், மீன் ஏலம் எடுக்கிறவை, தனியார் வகுப்பு நடத்துறவை இவையின்ரை நாளாந்தக் கணக்கு இருக்கிற கிளை அசையாது.

---

சுன்னாகத்தான்

அடகை ஒருத்தரும் தொடேல்லை. யாழ்ப்பாணத்திலை அடகுப் பிரிவு தெரியாமல் முகாமையாளராய் வரக்கூடாது.

ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் எண்டால் நூற்றுக்கு 91.6 பொன். நகையை வாங்கினால் முதல் கல்லும் நூலும் கழிச்ச நிறை, பிறகு உரைகல், அமிலம். பொள்ளல் காப்பிலை அரக்கு நிரம்பியிருக்கும், தொங்கலுக்குள்ளையும் இருக்கும். தாலிக்கொடியிலை கொழுவி வேறை தரம், சங்கிலி வேறை தரம். ரெண்டையும் தனித்தனியாய் உரைக்கவேணும். நிறுக்கிற ஆளும் மதிப்பை எழுதுற ஆளும் ஒராளாய் இருக்கக்கூடாது. பொதியை இரண்டு கையெழுத்தோடை மூடி, ரெண்டு திறப்பு இல்லாமல் திறக்க முடியாத பெட்டகத்திலை வைக்கவேணும். போலி நகையை உள்ளாக்களே வேறை பெயரிலை அடகு வைக்கிற மோசடி, இந்த ஒழுங்கு தளர்ந்த இடத்திலைதான் நடக்கும்.

சந்தை இடர் இன்னும் பெரிசு. பவுண் ரெண்டு இலட்சம், அதிலை 80 வீதம் முற்பணம் எண்டால் 1,60,000. 18 வீத வட்டியிலை ஒரு வருசத்திலை 1,88,800 ஆகும். பொன் விலை 15 வீதம் விழுந்தால் நகையின்ரை பெறுமதி 1,70,000. சொந்தக்காரர் வந்து மீட்பாரோ? 2013 ஏப்ரலிலை உலகச் சந்தையிலை பொன் விழுந்தபோது இலங்கை வங்கியளுக்கு நடந்தது இதுதான். முதல் ரெண்டு வருசமும் விலை ஏறுது எண்டு பவுணுக்குக் கூடக் கூடக் குடுத்துப் போட்டியிட்டவை, பிறகு ஏலத்திலையும் முதலை எடுக்க முடியாமல் நிண்டவை. விலை ஏறுற காலத்திலை முற்பண வீதத்தைக் குறைக்கிறதுதான் முகாமையாளரின்ரை வேலை. வாடிக்கையாளர் கோவிப்பினம். கோவிக்கட்டும்.

---

திருநெல்வேலி_மேற்கு

காணிப் பிணையைப் பற்றி ஆராவது விரிவாய் எழுதுங்கோ. வேறை மாகாணத்திலை இருந்து வாற முகாமையாளர்மார் யாழ்ப்பாணத் தமிழரின்ரை வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலைதான் சறுக்கினம்.

---

நல்லூர்_உறுதி

வடமாகாணத்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குத் தேசவழமை பொருந்தும். திருமண உரிமையும் மரபுரிமையும் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இருக்கின்றன. அது 1947 இல் திருத்தப்பட்டது. கடன் அலுவலர் நினைவில் வைத்திருக்க வேண்டியவை இவை.

மனைவியின் பெயரில் உள்ள காணியை, அது சீதனமாக வந்ததாக இருந்தாலும், கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்க முடியாது. ஈட்டு உறுதியிலேயே கணவன் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும். தனிக் கடதாசியில் வாங்கிக் கோப்பில் செருகி வைப்பது பலவீனமான ஏற்பாடு. கணவன் காணாமற் போயிருந்தால், அரசு தரும் சான்றிதழை வைத்துக்கொண்டு அப்படியே கடன் கொடுத்துவிடக் கூடாது. மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதிக் கட்டளை எடுக்க அந்தச் சட்டமே வழி வைத்திருக்கிறது. போருக்குப் பிந்திய யாழ்ப்பாணத்தில் இப்படிப்பட்ட விண்ணப்பதாரிகள் பலர். "முடியாது" என்று திருப்பி அனுப்புவதை விட, சட்டத்தரணியிடம் அனுப்பி அந்தக் கட்டளையை எடுக்கச் சொல்வது முகாமையாளரின் கடமை.

திருமணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய காணி தேடிய தேட்டம். உறுதியில் கணவனின் பெயர் மட்டும் இருந்தாலும் இருவரையும் கையெழுத்திட வையுங்கள். காணியை வாங்கிய துணை மரணசாதனம் எழுதாமல் இறந்துவிட்டால் பாதி பிள்ளைகளுக்குப் போய்விடும். தாய் மட்டும் வந்து "என்ரை காணி" என்று முழுவதையும் ஈடு வைத்தால், வங்கிக்குக் கிடைப்பது பாதிதான். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் பிள்ளைகளின் பங்கு வெளியே நிற்கும். அவர்களிடம் அற்றோனித் தத்துவம் (தங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வாங்குவதானால், அந்த நாட்டுக்குப் பொறுப்பான இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கே பதிவு செய்ததாக இருக்க வேண்டும். அதில் "ஈடு வைக்கும் அதிகாரம்" தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். விற்க அதிகாரம் தந்துவிட்டு ஈட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாத தத்துவங்கள் நிறைய உலாவுகின்றன.

பிரிபடாத பங்கைப் பிணையாக எடுக்காதீர்கள். 1947 இன் 59 ஆம் இலக்க முன்வாங்கல் சட்டப்படி பங்காளிக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. கடன் படுத்து அந்தப் பங்கை விற்கப் போகும்போது வாங்குபவர் கிடைக்க மாட்டார்.

தலைப்புத் தேடல், அதாவது காணியின் உரிமை வரலாற்றைப் பார்ப்பது, குறைந்தது 30 வருடத்துக்குப் போக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அந்த முப்பது வருடத்துக்குள் இடப்பெயர்வு வந்துவிடும். உறுதிகள் தொலைந்தன. ஆளில்லாத காணியில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். பத்து வருடம் ஆண்டதாக ஆட்சி உறுதி முடித்துக்கொண்டு வருபவர்களிடம் கவனம் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தங்கள் காணிக்கு வர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்க விடாது என்ற பாதுகாப்பைத் தந்தது. வெளிநாட்டிலிருந்து உரிமையாளர் வந்து நின்றால் வங்கியின் ஈடு ஆட்டம் காணும்.

கடைசியாக, பரப்புக் கணக்கு. ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் உள்ள பரப்பும் நில அளவைப் படத்தில் உள்ள பரப்பும் ஒன்றா, "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" எழுதியிருக்கிறதா, ஒழுங்கைக்குள் வாகனம் போகுமா என்று நேரில் பாருங்கள். வழியில்லாத உள்காணிக்கு மதிப்பீட்டாளர் போடும் சந்தை விலை கடதாசி விலைதான். அவசரமாக விற்றால் கிடைக்கும் கட்டாய விற்பனைப் பெறுமதியை வைத்தே கடன் தொகையைத் தீர்மானியுங்கள்.

---

கடன்கோப்பு

அருமை. ஒண்டைச் சேர்க்கிறன். பிணை இருந்தாலும் மீட்பு லேசில்லை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழை, நீதிமன்றம் போகாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடை ஏலம் விடுற பராட்டே அதிகாரம் இருக்கு. ஆனால் முதல் தொகை 5 மில்லியனுக்குக் கீழ்ப்பட்ட கடனுக்கு அதைப் பாவிக்க முடியாது எண்டு திருத்தம் வந்தது. அப்பிடிப் பாத்தால் யாழ்ப்பாணத்துச் சின்னக் கடன் கனக்க அதுக்கு வெளியிலை. 2024 இலை அந்த அதிகாரத்தையே இடைநிறுத்தி, அது 2025 வரை நீண்டது. ஏலத்தை நம்பிக் கடன் குடுக்கிற முகாமையாளர் இந்த மாதிரிக் காலத்திலை கையைப் பிசைய வேண்டி வரும்.

---

மாவிட்டபுரம்

வட்டி வீதத்தையும் எழுதவேணும். 2022 ஏப்ரல் 8 அண்டைக்கு மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாய் 7 சதவீதப் புள்ளி கூட்டி, வைப்பு வசதிக்கு 13.5, கடன் வசதிக்கு 14.5 எண்டு வைச்சது. நாலு நாளிலை, ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்டுறதை நாடு நிப்பாட்டினது. முதன்மைக் கடன் வீதத்தோடை கட்டின கடன் எல்லாம் அந்த வருசக் கடைசியிலை 25 வீதத்தைத் தாண்டினது. பத்து மில்லியன் மேலதிகப்பற்று 10 வீதத்திலை இருந்தவருக்கு மாத வட்டி 83,333 ரூபாய். 27 வீதத்திலை 2,25,000. அவரின்ரை கடை விற்பனை அப்பிடி ஏறேல்லை.

அந்த நேரம் நல்ல முகாமையாளர் என்ன செய்தவர் எண்டு பாத்தால் பாடம் இருக்கு. நிலுவை விழுறதுக்கு முதல் தானே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, மேலதிகப்பற்றிலை எப்பவும் குறையாமல் நிக்கிற அடிமட்டப் பகுதியைத் தவணைக் கடனாய் மாத்தி, காலத்தை நீட்டி, வட்டியைக் கொஞ்சக் காலம் பாதி கட்டுற மாதிரி ஒழுங்கு செய்திருக்கிறார். 90 நாள் தாண்டின பிறகு செய்தால் அது பழுதான கடனை மறுசீரமைக்கிற கணக்கிலை போகும், ஒதுக்கம் குறையாது. முந்திச் செய்யிறதுக்குத்தான் பெறுமதி. மாறும் வட்டியிலை கடன் குடுக்கேக்கை, வட்டி 5 வீதம் கூடினால் இவர் கட்டுவாரோ எண்டு முன்மொழிவிலையே ஒரு வரி கணக்குப் போட்டு எழுதிற பழக்கம் வேணும்.

---

திருநெல்வேலி_மேற்கு

சொந்தக்காரர், கோயில் தலைவர், படிச்ச பள்ளிக்கூடத்து ஆக்கள் வந்து கேட்டால்? சின்ன ஊர். முகத்துக்கு நேரை எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?

---

சுன்னாகத்தான்

சொந்தக்காரரின்ரை கோப்பிலை நீங்கள் கையெழுத்து வைக்கவே கூடாது. உறவை எழுத்திலை அறிவிச்சு, கோப்பை அடுத்த மட்டத்துக்கு அனுப்புங்கோ. அவருக்கும் "என்ரை கையிலை இல்லை" எண்டு உண்மையாய்ச் சொல்லலாம்.

இதைவிடக் கூர்மையான கத்தி பணம் தூயதாக்கல் பக்கம். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி ஒரு மில்லியன் ரூபாயும் அதுக்கு மேலையும் உள்ள காசுக் கொடுக்கல் வாங்கல் நிதி உளவறிதல் பிரிவுக்குப் போகும். சந்தேகம் வந்தால் ரெண்டு வேலை நாளுக்குள்ளை அறிவிக்கவேணும். அறிவிச்சதை வாடிக்கையாளருக்குச் சொல்லுறதே குற்றம். "அண்ணை, உங்கடை கணக்கைப் பாக்கினம், கவனம்" எண்டு நட்புக்குச் சொன்ன ஒரு வசனம் தொழிலை முடிச்சுப்போடும். உண்டியல் காசு, அதாவது வங்கிக்கு வெளியாலை கைமாறுற வெளிநாட்டுக் காசு, பலபேரின்ரை பெயரிலை ஒரே கணக்குக்குத் துண்டு துண்டாய் வாறது, ஒன்பதரை இலட்சம் ஒன்பதரை இலட்சமாய் நாளுக்கொரு வைப்பு விழுறது எல்லாம் கவுண்டரிலை இருக்கிற பிள்ளைக்கே தெரியவேணும். அதைப் பழக்கிறது முகாமையாளர்.

கட்டாயத் தொடர் விடுமுறையையும் மனவருத்தமில்லாமல் எடுங்கோ. நீங்கள் இல்லாத நாளிலை வேறை ஆள் உங்கடை மேசையைப் பாக்கிறதுக்குத்தான் அந்த விதி.

---

பண்ணைப்பாலம்

கிளைக்கு மேலை போனால் வேலை எப்பிடி மாறுது?

---

மாவிட்டபுரம்

பிராந்திய மட்டத்திலை தனிக் கோப்பு குறையும், தொகுதி கூடும். எந்தத் துறையிலை எவ்வளவு கடன் குவிஞ்சிருக்கு, எந்தக் கிளை முகாமையாளர் மாதக் கடைசியிலை தவணையைக் காட்டப் புதுக் கடன் குடுத்துப் பழசை மூடுறார் எண்டு பாக்கிற கண் வேணும். ஒவ்வொரு மாதமும் 30 நாள், 60 நாள் நிலுவைப் பட்டியலைப் பெயர் பெயராய் வாசிக்காத பிராந்திய முகாமையாளருக்கு 90 ஆம் நாள்தான் செய்தி வரும்.

உதவிப் பொது முகாமையாளர் தொட்டு மேலை மூலதனமும் ஒழுங்குமுறையும்தான் பேச்சு. வங்கி மூலதனத்துக்கான சர்வதேச நியமத்தை ஒட்டின மத்திய வங்கியின்ரை பாசல் மூண்டு விதியிலை மொத்த மூலதன விகிதம் குறைஞ்சது 12.5 வீதம், பெரிய வங்கியளுக்கு அதுக்கும் கூட. ஒரு கடன் இலாபமோ எண்டதோடை, அது எவ்வளவு மூலதனத்தைத் தின்னுது எண்டும் கேப்பினம். இந்த மட்டத்திலை முக்கிய பதவிக்கு நியமிக்கேக்கை, ஆள் தகுதியும் தகைமையும் உடையவரோ எண்டு மத்திய வங்கியின்ரை வங்கி மேற்பார்வைப் பக்கத்திலை அனுமதி எடுக்கவேணும். சொந்தக் கடன் நிலுவை, வழக்கு, பழைய ஒழுக்காற்று விசாரணை எல்லாம் அப்பதான் வெளியிலை வரும். இருபத்தைஞ்சு வயசிலை கடனட்டையைக் கட்டாமல் விட்டது ஐம்பது வயசிலை வந்து கதவைத் தட்டும்.

எங்கடை ஆக்கள் அங்கை போனதில்லை எண்டு ஒரு எண்ணம் சனத்திட்டை இருக்கு. 1939 இலை தொடங்கின இலங்கை வங்கியின்ரை முதலாவது இலங்கையர் பொது முகாமையாளர் சி. லோகநாதன் ஒரு தமிழர். அந்த வங்கி வந்ததே, வெள்ளைக்காரர் வங்கியள் உள்ளூர் வியாபாரிக்குக் கடன் குடுக்கினமில்லை எண்டதை 1934 இன்ரை வங்கி ஆணைக்குழு ஆராய்ஞ்ச பிறகுதான். அண்டைக்கும் பிரச்சினை கடன் குடுக்கிறதுதான்.

---

கொடிகாமம்சந்தை

கடைசியாய் ஒண்டு. முதன்முதலாய்க் கிளை ஒண்டைப் பொறுப்பெடுக்கப் போறவர் முதல் கிழமை என்ன செய்யவேணும்?

---

கடன்கோப்பு

பழைய முகாமையாளர் இருக்கேக்கையே பெட்டகக் காசை நோட்டு நோட்டாய் எண்ணுங்கோ. கட்டுத் துண்டிலை எழுதினதை நம்பக்கூடாது. அடகுப் பொதிகளை இலக்கப்படி எண்ணி, நிறை கூடின சிலதைத் திறந்து மறுபடி நிறுங்கோ. மூல உறுதிகள், ஈட்டு உறுதிகள், வாகனப் பதிவுப் புத்தகங்கள் பதிவேட்டிலை உள்ளபடி பெட்டகத்திலை இருக்கோ எண்டு ஒவ்வொண்டாய்ப் பாருங்கோ. பாவிக்காத காசோலைப் புத்தகம், வைப்புச் சான்றிதழ் படிவம், இறப்பர் முத்திரை எல்லாத்துக்கும் கணக்கு வேணும். திறப்பு, கடவுச்சொல், கையெழுத்து அதிகாரம் அண்டைக்கே மாறவேணும்.

பிறகு பெரிய இருபது கடன்காரரிட்டை நேரை போங்கோ. பழைய ஆளோடை ஒருக்கால், தனிய ஒருக்கால். காப்புறுதி எப்ப முடியுது, மதிப்பீடு எத்தினை வருசம் பழசு, கடன் வழங்கும்போது போட்ட நிபந்தனையிலை இன்னும் நிறைவேறாதது எது எண்டு குறிச்சு எடுங்கோ. குறைபாடு எல்லாத்தையும் விதிவிலக்குப் பட்டியலாய் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து வைச்ச பிறகுதான் பொறுப்பேற்புப் படிவத்திலை கையெழுத்து. "பிறகு பாப்பம் தம்பி" எண்டு அவர் சொன்னால், பிறகு வாற கணக்காய்வு அறிக்கை உங்கடை பெயரிலைதான் வரும்.

---

நல்லூர்_உறுதி

இதோடு செயலற்ற கணக்குகளின் பட்டியலையும் எடுக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் அது நீளமாக இருக்கும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது இறந்திருப்பார், பிள்ளைகளுக்குக் கணக்கு இருப்பதே தெரியாது. உள்ளே இருந்து நடக்கும் மோசடிக்கு இந்தக் கணக்குகள்தான் இலகுவான இலக்கு. கடந்த பன்னிரண்டு மாதத்தில் எவை திடீரென உயிர்பெற்றன, யார் அனுமதித்தார், அடையாள அட்டைப் பிரதியும் புதிய கையெழுத்து மாதிரியும் கோப்பில் உண்டா என்று பாருங்கள். பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்தால் அந்தப் பணம் மத்திய வங்கிக்குப் போகும். அதற்கு முன் உரிமையாளரின் கடைசி முகவரிக்குக் கடிதம் அனுப்பிப் பதிவுத் தபால் பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். ஊரில் கிராம அலுவலரிடமும் விசாரிக்கலாம், ஆனால் தொகையை அவரிடம் சொல்லக் கூடாது.